நானா கேட்டேன்?

போன பள்ளி விடுமுறைக்கு அம்மா சுங்கை சிப்புட்டிலிருந்து வந்து எங்களோடு பத்து நாள் தங்கியிருந்தார். அம்மா வந்தால் வரவேற்பறையின் ஆட்சி மாறிவிடும். சாமி விளக்கேற்றியதும் ரிமோட் அவர் கைக்குப் போகும். இரவு பத்து வரை தமிழ்த் தொடர்கள்தாம். ஒன்றில் மாமியார் பாலில் எதையோ கலப்பார், அடுத்ததில் நாத்தனார் வீட்டுப் பத்திரத்தைத் திருடுவார். அம்மா நடுவில் எழுந்து போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தாலும் கதை அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கும்.

இந்த முறை என் மகள் முந்திக்கொண்டாள். பதினேழு வயது, படிவம் 5. கொரியத் தொடர்களைப் பார்த்துப் பார்த்தே அந்த மொழியில் பாதியைக் கற்றுக்கொண்டவள். "பாட்டி, ஒரே ஒரு நாள் நான் போடுறதப் பாருங்க. பிடிக்கலன்னா ரிமோட்ட உங்ககிட்டயே குடுத்துடறேன்" என்று நெட்பிலிக்ஸைத் திறந்தாள்.

அவள் போட்டது, 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரீன்ஸ்'. 2025 மார்ச்சில் வாரம் நான்கு பகுதிகளாக, நான்கே வாரத்தில் 16 பகுதிகளும் வெளிவந்த தொடர். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அழுதுகொண்டே பார்த்திருப்பார்கள். எழுதியவர் லிம் சாங்-சுன், இயக்கியவர் கிம் வோன்-சோக். அந்த ஆண்டு கொரியாவின் பெக்சாங் விருதுகளில் சிறந்த நாடகம், சிறந்த திரைக்கதை என்று அள்ளிக்கொண்டது. ஆங்கிலத் தலைப்பை விட ஜேஜு தீவின் வட்டார மொழியில் உள்ள மூலத் தலைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. 'ரொம்பப் பாடுபட்டுட்டீங்க' என்று பெரியவர்களிடம் நன்றியோடு சொல்வது போன்ற சொல் அது.

அம்மாவுக்கு மலாய் படிக்கத் தெரியும். ஆனால் திரையில் எழுத்து ஓடுகிற வேகத்துக்குக் கண் போகாது. ஆகவே நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்தக் கட்டுரைக்குக் காரணமே அந்த மொழிபெயர்ப்பு வேலைதான்.

கதை ஒரு முத்துக்குளிக்கிறவளைப் போன்ற பெண்ணிடம் தொடங்குகிறது. ஜேஜு தீவில் 'ஹேன்யோ' என்று பெண்கள் இருக்கிறார்கள். காற்றுத் தொட்டி எதுவும் இல்லாமல், மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய் அபலோனும் சங்கும் கடற்பாசியும் எடுத்து வருகிறவர்கள். (சீனப் பெருநாள் விருந்தில் பார்ப்போமே, அதே அபலோன்தான்.) இவர்களுடைய பண்பாட்டை யுனெஸ்கோ 2016இல் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கதையில் வரும் குவாங்-ரே அப்படிப்பட்ட ஒரு ஹேன்யோ. கணவன் இறந்து மறுமணம் செய்துகொண்டவள். முதல் கணவனின் உறவினர் வீட்டில் வளரும் தன் மகள் ஏசுனுக்கு அங்கே மீன் துண்டு வைப்பதில்லை என்று தெரிந்ததும் போய்ப் பிள்ளையைக் கையோடு அழைத்து வந்துவிடுகிறாள்.

"இவ நம்ம ஆளு" என்றார் அம்மா.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அம்மா பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டு, நெற்றியில் விளக்கு, கையில் உளி, திரும்பும்போது தோளில் காண்டா வாளி. பிறகு தோட்டத்தில் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, நாங்களும் வெளியேறினோம். நான் சிறுமியாக இருந்தபோது ஒருநாள் விளையாட்டாக அந்த உளியை எடுத்து வீட்டுக்கு முன்னால் இருந்த மரத்தில் கோடு இழுத்தேன். அம்மா என் கையிலிருந்து பிடுங்கி வைத்த அறை இன்றும் ஞாபகம் இருக்கிறது. மரம் காயப்பட்டதற்காக விழுந்த அறை இல்லை அது. திரையில் குவாங்-ரே தன் மகளிடம், உனக்குக் கடல் வேண்டாம், நீ மூழ்கக் கூடாது என்கிறாள். அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அம்மா தலையை ஆட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

பத்து வயது ஏசுன் ஒரு கவிதை எழுதுகிறாள். எப்போது பார்த்தாலும் கடலிலேயே கிடக்கும் அம்மாவின் ஒரே ஒரு நாளைக் காசு கொடுத்து வாங்கிவிட முடியாதா என்பதுதான் அதன் சாரம். ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசு வேலைக்குப் போய்விடும் அம்மாவுக்கு மகளாய்ப் பிறந்த எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்தது. குவாங்-ரே 29 வயதில் இறந்துபோகிறாள். அந்தப் பாத்திரத்தில் நடித்த யோம் ஹே-ரானுக்குச் சிறந்த துணை நடிகை விருது கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு ஏசுனின் கதை. தீவை விட்டுப் போய்ப் படிக்க வேண்டும், கவிஞராக வேண்டும் என்று துடிக்கிறவள். படிப்பு பாதியில் நிற்கிறது. சிறு வயதிலிருந்து தன்னையே சுற்றி வந்த குவான்-சிக்கை மணந்துகொண்டு சீக்கிரமே தாயாகிறாள். புகுந்த வீட்டுப் பெரியவர்கள் பேத்தியையும் ஹேன்யோ ஆக்கப் பார்க்கும்போது, வைத்திருந்த மேசையையே கவிழ்த்துவிடுகிறாள். தன் மகள் கும்-மியோங் பிறருக்கு மேசையில் சாப்பாடு எடுத்துவைக்கிறவளாக இருக்கக் கூடாது, வேண்டாமென்றால் மேசையைக் கவிழ்க்கத் தெரிந்தவளாக இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அம்மா இந்தக் காட்சிக்குக் கை தட்டினார்.

நம் தொடர்களில் இப்படிப்பட்ட அம்மாக்கள் வருவார்கள். ஆனால் அவர்கள் வளர்த்த மகள் பிறகு என்ன பேசினாள் என்பதுதான் வராது. நம் தொடர்களில் அம்மா என்றால் மகள் அழுதுகொண்டு வந்து சாய்கிற மடி. சண்டைக்கென்று தனியாக மாமியார் இருக்கிறார். 2002 முதல் 2005 வரை நம் வீடுகளில் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டுப் பார்த்த 'மெட்டி ஒலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பெண்களைக் கரையேற்றும் ஒரு தகப்பனின் கதை. அந்தப் பெண்களுக்கு அம்மா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவர்களில் ஒருத்தியாவது அவரிடம் வள்ளென்று விழுந்திருப்பாள் என்பது பெண் பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரியும்.

கும்-மியோங் வள்ளென்று விழுகிறாள். படிப்பில் கெட்டிக்காரி, சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துத் தலைநகர் போகிறாள். வெளியில் எல்லாரிடமும் பணிவாகப் பேசுகிறவள், அம்மா தொலைபேசியில் கூப்பிட்டால் மட்டும் எரிச்சலாகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்டாலும் கோபம், கேட்காவிட்டாலும் கோபம். ஜப்பான் போய்ப் படிக்க ஒரு வாய்ப்பு வருகிறது. வீட்டில் காசு இல்லை. அந்தக் கசப்பை எல்லாம் அம்மாவின் மேல் கொட்டுகிறாள். ஏசுனும் குவான்-சிக்கும் குடியிருந்த வீட்டை விற்று அவளை அனுப்பி வைக்கிறார்கள்.

இங்கே இயக்குநர் செய்திருக்கும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். இளவயது ஏசுனாக நடித்த பாடகி ஐயூதான் மகள் கும்-மியோங்காகவும் நடிக்கிறார். நடுத்தர வயது ஏசுனாக மூன் சோ-ரி வருகிறார். அம்மாவுக்கு முதலில் குழம்பிவிட்டது. "இவ எப்படித் திரும்பவும் சின்னப் பொண்ணாயிட்டா?" என்று கேட்டார். மகள் விளக்கிச் சொன்னதும், "அப்படின்னா இவளே இவளத் திட்டிக்கிறாளா?" என்றார். நான் இணையத்தில் படித்த எந்த விமர்சனமும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. ஏசுனின் பழைய முகம், படிக்கத் துடித்த அந்தப் பெண்ணின் முகம், இப்போது எதிரே நின்று அவளைக் கேள்வி கேட்கிறது. உன் கனவு உன்னோடு போகட்டும், அதை ஏன் என் தலையில் வைத்தாய் என்று அந்த முகமே கேட்கிற மாதிரி இருக்கிறது.

அந்தச் சண்டைக் காட்சியில் நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். "ஏதோ கோபமாப் பேசுறா" என்றேன்.

"அது மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. என்ன பேசுறா?"

"காசு இல்லன்னு கோபம்மா. அவ்வளவுதான்."

என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரிமோட்டை எடுத்தாள், காட்சியைப் பின்னால் தள்ளினாள். பிறகு ஒரு வரி விடாமல் படித்துத் தமிழில் பாட்டிக்குச் சொன்னாள். அவளுடைய தமிழ் கொஞ்சம் தடுமாறும், ஆனால் அன்று தடுமாறவில்லை.

நான் ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1997இல் எஸ்.டி.பி.எம். முடித்து எனக்குத் தலைநகரில் இடம் கிடைத்தது. முதல் தவணைக் கட்டணம், விடுதி, பாய் தலையணையிலிருந்து வாளி வரை எல்லாவற்றுக்கும் பணம் எங்கிருந்தோ வந்தது. எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. பட்டமளிப்பு விழாவில் எடுத்த படம் அம்மா வீட்டுக் கூடத்தில் இன்றும் மாட்டியிருக்கிறது. அதில் அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டுமே இருக்கும். கேட்டதற்கு, "சங்கிலி போட்டா கழுத்து அரிக்குது" என்றார். நான் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது என்று இப்போது சொல்வேன்.

மகள் பிறந்த பிறகு நான் கணக்காய்வு வேலையை விட்டேன். வீட்டிலிருந்தபடி சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். செய்தியைச் சொல்ல அம்மாவைக் கூப்பிட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இதுக்கா சங்கிலிய வித்தேன்?" என்றார். பத்து வருடத்துக்கும் மேலாக வாயைத் திறக்காதவர் அன்றுதான் முதல் முறை சொன்னார். நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? "நானா கேட்டேன்?"

எட்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அப்பா இருந்தார், நடுவில் தகவல் சொல்ல. பிறகு தீபாவளி வந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, எப்படியோ பேச ஆரம்பித்துவிட்டோம். ஆனால் அந்தப் பேச்சை இருவரும் அதற்குப் பிறகு தொடவே இல்லை.

இதெல்லாம் மகளுக்குத் தெரியாது. தெரியாமலே கும்-மியோங்கின் வசனங்களைப் படித்து முடித்தாள். அம்மா திரையைப் பார்த்தபடியே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "விக்கிறது தப்பில்ல. வித்தா வித்தோம்னு அப்பவே சொல்லிடணும். ரொம்ப நாள் வயித்துல வெச்சிருந்து கோபம் வரப்போ சொன்னா, அது கணக்குக் கேக்குற மாதிரி ஆயிடுது" என்றார்.

என் பக்கம் திரும்பவில்லை. "ம், அடுத்ததப் போடு" என்று பேத்தியிடம் சொன்னார்.

இந்தத் தொடரில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தொடர் முழுவதும் கதை சொல்லும் குரல் கும்-மியோங்கின் குரல். வயதாகி, எல்லாவற்றையும் திரும்பிப் பார்த்து, அன்று நான் அம்மாவிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று உருகுகிற குரல். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மகள் கோபப்படும் ஒவ்வொரு இடத்திலும் பின்னாளைய மகள் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டுவிடுவதால், அன்றைய கோபத்துக்குள் நியாயம் ஏதும் இருந்ததா என்று பார்க்க நமக்கு நேரமே கிடைப்பதில்லை. ஏசுனும் குவான்-சிக்கும் குறை சொல்ல முடியாத பெற்றோர். அப்படிப்பட்டவர்களிடம் கோபப்பட்டால் தப்பு பிள்ளையுடையதாகத்தான் தெரியும். நல்ல பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகளின் சங்கடம் இது. கெட்ட அம்மாவை எதிர்க்க நம் தொடர்களிலேயே வசனம் இருக்கிறது. தனக்காக வீட்டை விற்ற அம்மாவிடம் எதைப் பேசினாலும் அது நன்றிகெட்ட பேச்சாகிவிடும்.

'என்னை மாதிரி ஆகிவிடாதே' என்று சொல்லும்போது நாம் பிள்ளையை விடுவித்துவிட்டதாக நினைக்கிறோம். கும்-மியோங்கின் நிலையில் இருந்து பாருங்கள். டாக்டர் ஆகு என்றால் முடியாது என்று சொல்லலாம். 'நான் வாழாததையெல்லாம் நீ வாழு' என்றால் அதற்கு எங்கே அளவு? எவ்வளவு படித்தால், எவ்வளவு சம்பாதித்தால் அது தீரும்?

ஒன்றை மட்டும் தொடர் நேராகக் காட்டுகிறது. கும்-மியோங் பெரிய இடத்துப் பையனைக் காதலிக்கிறாள். பையனின் அம்மா இவர்களைக் கால் தூசியாகப் பார்க்கிறார். நிச்சயித்த கல்யாணத்தை மகளே வேண்டாமென்கிறாள். அம்மா ஆசைப்பட்டபடி மேசையைக் கவிழ்க்கிறாள், ஆனால் தனக்கு ஆசையான மேசையை. ஜெயித்துவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட முடியவில்லை. ஏசுனாலும் முடியவில்லை.

கடைசிப் பகுதிகளுக்கு முந்தின இரவு, மகள் கைப்பேசியை நோண்டிக்கொண்டே சொன்னாள்: "என் கூட்டாளிங்க எல்லாரும் புலனத்துல கும்-மியோங்கத் திட்டுறாங்க, நன்றியே இல்லாதவளாம். அவகிட்ட கேட்டுட்டா வித்தாங்க?"

என்னைப் பார்த்துச் சொல்லவில்லைதான். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் எஸ்.பி.எம்.முக்குப் பிறகு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். நான் அம்மா மாதிரி கிடையாது, எதையும் திணிக்க மாட்டேன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. பிடித்ததைப் படி என்று அவள் ஆறாம் ஆண்டு படிக்கும்போதிருந்தே சொல்லி வந்தவள். பாலர் பள்ளி ஆசிரியராகப் போகிறேன் என்றாள். கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல் என்று மூன்று வருடமாக வாரத்தில் நான்கு நாள் டியூஷனுக்கு அழைத்துப் போய், காரிலேயே காத்திருந்து, அங்கேயே மடிக்கணினியில் மற்றவர்களின் கணக்கை எழுதியிருக்கிறேன். "இதுக்கா இவ்வளவு டியூஷன்?" என்று கேட்டுவிட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது யாருடைய குரல் என்று தெரிந்தது.

அவள் சொன்ன பதிலை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை பசியாறும்போது அம்மா அடுப்பருகே வந்து நின்றார். தோசையைத் திருப்பிப் போட்டபடியே, "அந்தச் சங்கிலி மூணே கால் பவுனு" என்றார். "அப்ப பவுனு விலை இன்னைக்கு மாதிரி இல்ல. ரொம்ப ஒண்ணும் கிடைக்கல." நான் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். அந்தப் பணத்தில் எதெது வாங்கினார் என்பதையும் சொன்னார். விடுதிக்கு வாங்கிய போர்வையின் நிறம்கூட அவருக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்படி ஒரு போர்வை இருந்ததே மறந்துபோயிருந்தது. பட்டியல் முடிந்ததும், "உங்கப்பனுக்குக்கூட ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொன்னேன்" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

பாலர் பள்ளி விஷயத்தில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். டியூஷனுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது, அதற்காக நான் எந்த வேலைகளைக் கூடுதலாக எடுத்துக்கொண்டேன் என்று அவளிடம் சொன்னேன். கணக்குக் கேட்பதற்காக இல்லை, தெரிந்து வைத்துக்கொள் என்றேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இயற்பியலை மட்டும் நிறுத்திடலாமா?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

கடைசி நான்கு பகுதிகளை அம்மா ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் பார்த்தார்கள். எனக்கு மாத முடிவு, மூன்று கடைகளின் கணக்கு பாக்கி. சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். வரவேற்பறையிலிருந்து மகளின் குரல் வந்துகொண்டே இருந்தது. எதையும் விடாமல் படித்தாள். ஒரு இடத்தில் அம்மா, "நிறுத்து நிறுத்து. அவ இப்ப என்ன சொன்னா, இன்னொரு தடவ சொல்லு" என்றார். அவள் சொன்னாள். நான் எண்களைக் கூட்டுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.